கொல்வின் யாரோடு பேசினார்?

"ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு." இலங்கை அரசியலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் இதை ஒரு தடவையாவது எடுத்துப் போடாதவர்கள் குறைவு. 1956-இல், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, இடதுசாரிகளான லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா வைத்த வாதத்தின் சாரம் இது. மேற்கோள் முடிந்ததும் வழமைபோல அடுத்த வரி வரும்: அதே கொல்வின்தான் 1972-இல் சிங்களத்தை அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். துரோகம். கதை முடிந்தது.

எனக்கு இது போதவில்லை. துரோகம் என்று சொன்னால், 1956-இல் சரியாக இருந்த ஒன்று 1972-இல் கைவிடப்பட்டது என்று ஆகிவிடும். அந்தப் பேச்சுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தபிறகு எனக்குத் தோன்றுவது வேறு. 1972-க்குப் போகிற பாதை 1956 வாதத்துக்குள்ளேயே திறந்து கிடந்தது.

இதைச் சொல்வதற்கு முதலில் லெனினிடம் போய் வர வேண்டும். 1914 ஜனவரியில், கட்டாய அரச மொழி ஒன்று தேவையா என்று கேட்டு ஒரு சிறிய பத்திரிகைக் கட்டுரை எழுதினார். ரஷ்ய லிபரல்கள் அப்போது மிக நாகரிகமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ரஷ்ய மொழி மகத்தானது, வளமானது, பின்தங்கிய இனங்களுக்கு உலகத்தைத் திறந்து விடுவது, ஆகவே எல்லோரும் படிக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் வாதம். (இந்த வாதத்தை வேறு எங்கோ கேட்ட மாதிரி இருந்தால் அது தற்செயல் இல்லை.) லெனின் மறுக்கவில்லை. துர்கனேவ், தோல்ஸ்தோய் மொழி மகத்தானது என்று உங்களைவிட எங்களுக்கு நன்றாகவே தெரியும் என்றார். ரஷ்யாவில் வாழும் ஒவ்வொருவருக்கும் அதைப் படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் வேண்டாம் என்றது கட்டாயத்தை. தடியால் அடித்து ஆட்களைச் சொர்க்கத்துக்குள் துரத்த விரும்பவில்லை என்பது அவர் சொன்ன விதம். சுவிட்சர்லாந்தைக் காட்டினார். அங்கே ஜேர்மன் பேசுவோர் 70 வீதம், ரஷ்யாவில் ரஷ்யர் 43 வீதம்தான். அப்படியிருந்தும் சுவிஸில் மூன்று அரச மொழிகள். 7 வீதமான இத்தாலியர் பொதுப் பாராளுமன்றத்தில் பிரெஞ்சில் பேசினால் அது பொலிஸ் சட்டத்துக்குப் பயந்தல்ல, வசதிக்காக.

இதைவிட முக்கியமான ஒன்று அதற்குச் சில மாதம் முந்தைய 1913 எழுத்துகளில் இருக்கிறது. அங்கே அவர் பரிகாரத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒரு இனத்துக்குச் சலுகை தருகிற, சிறுபான்மையின் உரிமையை மீறுகிற எந்த நடவடிக்கையும் செல்லாது என்று நாடு முழுவதற்கும் ஒரு அடிப்படைச் சட்டம் வேண்டும். அப்படி ஒரு நடவடிக்கை வந்தால், அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி அதை ரத்துச் செய்யக் கேட்கும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் இருக்க வேண்டும். கட்சிக்கு என்றோ வர்க்கத்துக்கு என்றோ இல்லை, தனி ஒரு குடிமகனுக்கு. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லெனினுடைய நாட்டில் இது என்ன ஆனது என்பது தனிக் கதை. 1920-களில் எழுத்தே இல்லாத மொழிகளுக்கு எழுத்து, பாடப் புத்தகம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. உண்மையிலேயே பெரிய வேலை. 1938 மார்ச்சில் ரஷ்யன் அல்லாத பள்ளிகள் எல்லாவற்றிலும் ரஷ்ய மொழி கட்டாயப் பாடம் ஆனது. வேண்டாம் என்ற தடி இருபத்துநாலு வருடத்தில் திரும்பிவிட்டது.

சரி, இலங்கைக்கு வருவோம்.

சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் பிறந்தது. பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின், லெஸ்லி குணவர்தன என்று ஆரம்பித்தவர்களில் பலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு மார்க்சியத்தோடு கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் கையில் எடுத்த முதல் பிரச்சினைகளில் மொழியும் ஒன்று. 1936-இல், அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குள் போன பிலிப்பும் என். எம்.மும், கீழ் நீதிமன்ற விசாரணைகள் சனங்களின் மொழியில் நடக்க வேண்டும், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு சொல்கிறவர் எந்த மொழியில் சொல்கிறாரோ அந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்று கேட்டார்கள். அருமையான கோரிக்கை. ஆங்கிலம் தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லாத நாட்டில், தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்றே தெரியாமல் ஒரு விவசாயி கைவிரல் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். சுயபாஷை என்பது அன்றைக்கு ஆங்கிலம் பேசும் மேல்தட்டுக்கு எதிரான கோஷம். சிங்களமும் தமிழும் ஒரே பக்கத்தில் நின்றன.

அந்தக் கோஷம் இருபது வருடத்தில் தமிழுக்கு எதிராகத் திரும்பியது. எப்படி என்று கேட்டால், உத்தியோகம். ஆங்கிலத்தை நீக்கினால் காலியாகும் கதிரைகளில் யார் உட்காருவது என்ற கேள்வி வந்தவுடன், சிங்களக் கிராமத்து ஆசிரியருக்கும் ஆயுர்வேத வைத்தியருக்கும் பிக்குவுக்கும் தமிழ் லிகிதர் போட்டியாளராகத் தெரிந்தார். 1944-இலேயே ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் பிரேரணை கொண்டுவந்தார். தமிழையும் சேர்த்துத் திருத்திய பிறகே அது நிறைவேறியது.

ஆனால் கணக்கை மாற்றியது 1948 என்பது என் எண்ணம். மொழிப் பிரச்சினையை எழுதுகிறவர்கள் பலர் 1956-இல் ஆரம்பிக்கிறார்கள். அது பிழை. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் தங்கள் ஆட்களையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகள் பக்கம் சாய்ந்தது. மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அதை எதிர்த்தார்கள், கடுமையாகவே. சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதே வருடம் அந்த அரசாங்கத்திலேயே மந்திரியானார். இதைச் சொல்லாமல் இடதுசாரிகளைமட்டும் கூண்டில் ஏற்றுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். எப்படியோ, நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போனது. தொழிலாளர் கட்சிக்கு மிஞ்சியது தெற்கு, மேற்குக் கரையோரச் சிங்களத் தொகுதிகள். அன்றிலிருந்து அந்தக் கட்சி தமிழுக்காகப் பேசிய ஒவ்வொரு சொல்லையும் சிங்கள வாக்காளரிடம்தான் விற்க வேண்டியிருந்தது.

இருந்தும் பேசினார்கள். 1955 ஒக்ரோபரில் சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் சம அந்தஸ்துள்ள அரச மொழிகளாக வேண்டும், அதை அரசியலமைப்பில் எழுத வேண்டும் என்று என். எம். பாராளுமன்றத்தில் பிரேரித்தார். அதே மாதம் கொழும்பு நகர மண்டபத்தில் கட்சி நடத்திய கூட்டம் குண்டர்களால் குழப்பப்பட்டது. பிலிப் அதற்கு முன்னமே பிரிந்துபோய், பிறகு பண்டாரநாயக்கவோடு சேர்ந்துகொண்டார். 1956 பெப்ரவரிக்குள் பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி, அன்று ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சி இரண்டுமே தனிச் சிங்களம் என்று சொல்லிவிட்டன. தெற்கில் சம அந்தஸ்து என்று சொல்லிக்கொண்டு நின்றவை சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும்தான். அடி வாங்கிக்கொண்டு நின்ற அந்த ஆட்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

இனி ஜூன் 1956 விவாதம். சட்டம் மிகச் சிறியது, ஒரு பக்கம்கூட வராது. சிங்களத்தை ஒரே அரச மொழியாக்கிய அந்தச் சட்டம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினரின் சத்தியாக்கிரகம் அடித்து நொறுக்கப்பட்டது, கிழக்கே கல்லோயாவில் கொலைகள் விழுந்தன. உள்ளே கொல்வின் எழுந்து கேட்டார்: நமக்கு ஒரு தேசம் வேண்டுமா, இரண்டு தேசம் வேண்டுமா? ஒரு இலங்கையா, இரண்டா? இரத்தம் கசியும் இரண்டு துண்டுகளாகி, இந்து சமுத்திரத்தில் உலாவும் ஏகாதிபத்திய மிருகங்களுக்கு இரையாகப் போகிறோமா? மொழி என்ற பெயரில் நாம் உண்மையில் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான் என்றார். லெஸ்லி குணவர்தனவும் அதே தடத்தில், தமக்குத் தீர்க்க முடியாத அநீதி நடந்ததாக அந்த மக்கள் உணர்ந்தால் பிரிந்துபோகவும் முடிவெடுக்கலாம் என்று எச்சரித்தார்.

தீர்க்கதரிசனம் என்று இன்று கொண்டாடுகிறோம். நடந்தது அதுதானே, மறுக்க முடியுமா? மறுக்கவில்லை. ஆனால் வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். தமிழுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? கொடுக்காவிட்டால் நாடு உடையும், அதனால். கேட்கிற காது சிங்களக் காது. காக்கப்பட வேண்டிய பொருள் ஒற்றுமை. தமிழ் அதற்குக் கட்டுகிற காப்புறுதிப் பணம். நாடு உடைந்தால் உடையட்டும், நமக்குப் பயமில்லை என்று பெரும்பான்மை முடிவெடுத்த நாளிலிருந்து, அல்லது படை இருக்கிறது, உடைய விடமாட்டோம் என்று நம்பத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தப் பணத்தைக் கட்ட ஒரு காரணமும் இல்லை.

அதே விவாதத்தில் பருத்தித்துறையின் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பொ. கந்தையாவும் பேசினார். அவர் நின்ற இடம் வேறு. என் மொழியை மறுக்கிறபோது எனக்கும் என் சனத்துக்கும் வாழ்க்கையில் உரிய எல்லாவற்றையும் மறுக்கிறீர்கள் என்பது அவர் பேச்சின் திசை. நாடு உடைந்தாலும் உடையாவிட்டாலும் செல்லுபடியாகிற வாதம் அது. கம்யூனிஸ்ட் கட்சி 1944-இலேயே சிங்களவரும் தமிழரும் இரண்டு தேசிய இனங்கள் என்ற நிலைப்பாட்டை வைத்திருந்தது. அதனால் கந்தையாவுக்குக் கோட்பாட்டிலேயே நிற்க ஒரு தரை இருந்தது. ட்ரொட்ஸ்கியவாதிகளான சமசமாஜிகளுக்குத் தமிழர் ஒரு சிறுபான்மை. தொழிலாளர் ஒற்றுமைக்குள் அடங்கிவிட வேண்டியவர்கள். கந்தையாவின் பேச்சை இன்று யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

என் பெரியப்பா கொழும்பில் லிகிதராக இருந்தவர். இடதுசாரித் தொழிற்சங்கக்காரர், மேதின ஊர்வலத்துக்குத் தவறாமல் போனவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சங்கத்துத் தோழர்களோடு பழகிப் பிடித்தது. ஆனால் அரச ஊழியர் எழுத வேண்டியிருந்த சிங்களப் பரீட்சையை எழுத மாட்டேன் என்று நின்றார். சம்பள ஏற்றம் நின்றது. "தெரிஞ்ச பாசையிலை பரீட்சை எழுத உங்களுக்கு என்ன கேடு?" என்று பெரியம்மா கேட்டாவாம். தெரிந்தபடியால்தான் எழுதவில்லை என்றாராம். கடைசியில் நேரத்தோடேயே பென்சன் எடுத்துக்கொண்டு தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அவர் கட்சியைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒருமுறை நான் வழக்கமான துரோகக் கதையை எடுத்தபோது சொன்னார்: "கொல்வின் எங்களை ஏமாத்தேல்லையடா. அவர் எங்களோடை கதைக்கவேயில்லை. சிங்களச் சனத்தோடைதான் கதைச்சவர். அவை கேக்கேல்லை, அவர் கதையை மாத்தினவர்." இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பேச்சுக்கு நான் எழுதும் உரை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கதையை மாற்றியது ஒரே நாளில் நடக்கவில்லை. 1960 மார்ச்சுத் தேர்தலில் சமசமாஜிகள் நூறுக்கு மேல் தொகுதிகளில் நின்று பத்தில் வென்றார்கள். ஆட்சிக்குப் போட்டியிட்ட கட்சிக்கு அது மரண அடி. 1964-இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்தார்கள். ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நாலாம் அகிலம் கழற்றிவிட்டது; எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு போன்றவர்கள் வெளியேறினார்கள். 1966 ஜனவரி 8 வந்தது. டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த உடன்பாட்டின்படி, தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. பண்டாரநாயக்கவே 1958-இல் செய்த சட்டத்துக்கான விதிகள்தான் அவை. புதிதாக ஒன்றுமில்லை. அதற்கு எதிராகக் கொழும்புத் தெருவில் சுதந்திரக் கட்சியோடு சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும் இறங்கின. 'டட்லிகே படே மசால வடே', டட்லியின் வயிற்றில் மசால் வடை, என்பது கோஷம்; தமிழர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற கேலி. துப்பாக்கிச் சூட்டில் ஒரு பிக்கு இறந்தார். பத்து வருடத்துக்கு முன் சம அந்தஸ்துக்காக அடி வாங்கிய கட்சி, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு அவரவர் மொழியில் எழுதப்பட வேண்டும் என்று 1936-இல் கேட்ட கட்சி. எனக்கு 1972-ஐவிட இதுதான் அதிகம் வலிக்கிறது. 1972-க்கு ஒரு சட்டக் கோட்பாடாவது இருக்கிறது. மசால் வடைக்கு என்ன கோட்பாடு?

இந்தக் காலம் முழுவதும் நீதிமன்றங்களில் ஒரு வழக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர், சிங்களத் தேர்ச்சி கேட்ட திறைசேரிச் சுற்றுநிருபத்தின் பேரில் 1962 ஏப்ரலில் தன் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். சுதந்திரத்தோடு வந்து அப்போது நடப்பில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை தருகிற, ஒரு சமூகத்தின் மேல் மட்டும் தடை போடுகிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது. அந்தப் பிரிவைத் தனிச் சிங்களச் சட்டம் மீறுகிறது என்பது அவர் வாதம். 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிரெட்சர் அதை ஏற்றுக்கொண்டார். 1967-இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போடவே முடியாது என்று தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரில், அன்று கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், போடலாம், ஆகவே அரசியலமைப்புக் கேள்வியை விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது.

இப்போது அந்த 1913 வாசகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சலுகையைச் செல்லாததாக்கும் அடிப்படைச் சட்டம். அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி அதை ரத்துச் செய்யக் கேட்கும் ஒரு குடிமகன். பிரித்தானியப் பிரபு ஒருவரின் ஆணைக்குழுவில் பிறந்த 29-ஆவது பிரிவும், ஒரு தமிழ் எழுதுவினைஞரின் சம்பள ஏற்றமும் சேர்ந்து, லெனின் கேட்ட வடிவத்துக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றன. அந்தப் பிரிவு பெரிய கோட்டை ஒன்றும் இல்லை; மலையகத் தமிழர் விஷயத்தில் அது ஒன்றுக்கும் உதவவில்லை, 1953-இல் பிரிவி கவுன்சிலே கைவிரித்துவிட்டது. ஆனாலும் கேள்வி கேட்க ஒரு வாசல் இருந்தது.

1970-இல் சுதந்திரக் கட்சியும் சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டுக்கு மேல் வென்றது. சமசமாஜத்துக்கு 19 ஆசனம், கொல்வின் அரசியலமைப்பு விவகார மந்திரி. தமிழையும் அரச மொழியாக்கக் கேட்ட தமிழரசுக் கட்சியின் திருத்தம் தோற்க, 1971 ஜூனில் அவர்கள் அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறினார்கள். 1972 மே 22-இல் வந்த அரசியலமைப்பில் 29-ஆவது பிரிவு இல்லை. சிங்களம் அரச மொழி என்பது சாதாரணச் சட்டத்திலிருந்து அரசியலமைப்புக்கு ஏறியது. தமிழ்ப் பாவனைக்கான ஒழுங்குவிதிகள் எந்த வகையிலும் அரசியலமைப்பின் பகுதியாகக் கருதப்படக் கூடாது, அவை கீழ்நிலைச் சட்டமே என்று தனியாக ஒரு வாசகம் வேறு. இதை ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். மறதியில் வருகிற வசனமா இது? பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியும் அதற்குமுன் அடைக்கப்பட்டிருந்தது. கோடீஸ்வரன் வழக்கின் மூலக் கேள்வி விசாரிக்கப்படவேயில்லை.

கூட்டணி நிர்ப்பந்தம் என்பார்கள். இருக்கலாம். என் பார்வையில் இன்னொன்றும் உண்டு. இறைமை மக்களுடையது, மக்கள் பேசுவது சட்டசபை மூலம், அதற்கு மேல் நீதிபதிகள் உட்காரக் கூடாது என்பது இடதுசாரிகளின் உண்மையான நம்பிக்கை. தேசியமயமாக்கலுக்கும் காணிச் சீர்திருத்தத்துக்கும் நீதிமன்றம் குறுக்கே நிற்கும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதபடி 1972 யாப்பு செய்யப்பட்டது. முதலாளிக்கு அடைத்த அந்தக் கதவில்தான் கோடீஸ்வரனும் நின்றுகொண்டிருந்தார். 'மக்கள்' என்பதற்குள் ஒரு நிரந்தரப் பெரும்பான்மை இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு கொல்வினிடம் விடை இல்லை. 1956-இலும் இருக்கவில்லை. அன்று அவர் அந்தப் பெரும்பான்மையிடம் கெஞ்சினார், பயமுறுத்தினார். அதன் கையைக் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை.

இதில் மிகவும் அகப்பட்டுக்கொண்டவர்கள் வடக்கின் தமிழ் இடதுசாரிகள். 1972-ஐ எதிர்த்துப் பதவி துறந்த செல்வநாயகத்தின் காங்கேசன்துறைத் தொகுதியில் 1975 பெப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தபோது, அவரை எதிர்த்து கம்யூனிஸ்ட் கட்சியின் வீ. பொன்னம்பலம் நின்றார். அந்த யாப்பைத் தன் சொந்தச் சனத்தின் முன் காப்பாற்றுகிற வேலை அவர் தலையில். செல்வநாயகத்துக்கு 25,927, பொன்னம்பலத்துக்கு 9,457. தோல்விதான். ஆனால் அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் யார் என்று யாரும் கேட்பதில்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1968-இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோவிலுக்குள் போகக் கேட்டு அங்கே போராடியபோது கூட நின்றவர்கள் கம்யூனிஸ்டுகள், முக்கியமாக சண்முகதாசனின் பீக்கிங் சார்புக் கட்சியினர். மொழியுரிமை பேசிய தலைவர்கள் பலர் அப்போது அடக்கி வாசித்தார்கள். தமிழில் மனு எழுதினாலும் கோவில் வாசலைத் தாண்ட முடியாத ஒருவர் தமிழரசுக் கட்சியை நம்பாமல் விட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பெரியப்பா தான் பொன்னம்பலத்துக்குத்தான் போட்டதாகச் சொன்னார். யாப்புக்காக இல்லை, ஆளுக்காக என்றார்.

1977-இல் சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரு ஆசனம்கூட இல்லாமல் போயின. சிங்கள வாக்குக்காக விட்டுக்கொடுத்தது அத்தனையும் சிங்கள வாக்கைக் கொண்டுவரவில்லை. வீ. பொன்னம்பலமும் கட்சியை விட்டு வெளியேறி, செந்தமிழர் இயக்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, தமிழரின் சுயநிர்ணய உரிமையைப் பேசத் தொடங்கினார்.